போனுக்குள் வந்த விருந்தாளி

கண்ணு, நன்றாக இருக்கிறாயா? அங்கே இன்னும் பனிதான் கொட்டுகிறதா, இல்லை மண்ணைக் கண்ணால் பார்த்துவிட்டாயா? மருமகள் சுகமா? பேத்தி தயிர்ச் சோறு தின்கிறாளா, இன்னும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாளா? இங்கே நாங்கள் சுகம் என்று சொல்லிவிட்டால் கடிதம் இத்தோடு முடிந்துபோகும். அப்படிச் சொல்ல வாய் வராமல்தான் கட்டுத்தரையில் எருமைகளுக்குப் பக்கத்தில் ஒரு கல்லைப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு எழுத்து ஏது? பேசினால் போனே எழுதிக்கொள்ளும்படி போன பொங்கலுக்கு நீதான் செய்துகொடுத்துவிட்டுப் போனாய். நான் பேசுவது ஒன்று, அது வாத்தியார் மாதிரித் திருத்தி எழுதுவது ஒன்று என்று பக்கத்து வீட்டுப் பாப்பாத்தி படித்துக் காட்டிச் சிரிக்கிறாள். எப்படியோ உன்னிடம் வந்து சேர்ந்தால் சரி.

விஷயம் இதுதான். இன்று மதியத்துக்கு மேல் கோயமுத்தூரிலிருந்து கார் வருகிறது. நீ பார்த்துவைத்திருக்கிற அந்த முதியோர் குடியிருப்புக்கு உன் அம்மா போகிறாள். ஒரு மாதம் இருந்து பார்க்கிறாளாம், பிடித்துப்போனால் அங்கேயேதானாம். நானும் போகிறேனா, இங்கேயே கிடக்கிறேனா என்பது எனக்கே தெரியாது. ஞாயிற்றுக்கிழமை நீ போனில், “ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிட்டீங்களாட்டம் இருக்குது” என்று சந்தோஷமாகச் சொன்னாய். நானும் சிரித்துவைத்தேன். உன் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள், வேறு என்ன செய்வது? நாங்கள் எதையும் பேசவும் இல்லை, முடிவு செய்யவும் இல்லை. அதனால் நடந்ததை நடந்தபடி உனக்குச் சொல்லிவிடுகிறேன். கேட்டுவிட்டு உனக்காவது ஏதாவது புரிகிறதா பார்.

அம்மாவுக்கு வலது கையும் காலும் விழுந்துபோனதிலிருந்து நீ என்னென்னவோ ஏற்பாடு செய்தாய். அதில் கடைசியாகச் செய்ததுதான் இந்த அசெஸ்மெண்ட். ஒரு பெண் போனிலேயே வந்து அம்மாவைப் பார்ப்பாள், குளிக்க, உடுத்த, அடுப்பு மூட்ட எதெதெல்லாம் அம்மாவால் முடிகிறது, எதற்கெல்லாம் வீட்டில் என்ன மாற்றம் வேண்டும் என்று சொல்வாள், அதற்கென்றே படித்தவள் என்றாய். அவள் சொல்வதை வைத்து, அம்மா இங்கேயே இருக்கலாமா, இல்லை கோயமுத்தூருக்குக் கூட்டிப்போக வேண்டுமா என்று பார்க்கலாம் என்றாய். எனக்கு அது தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. ஒரு எருமையை வாங்குவதென்றால்கூட சந்தைக்குப் போய், மடியைத் தொட்டு, நாலு எட்டு நடக்கவிட்டு, சுழி பார்த்து, அதற்கப்புறமும் வீட்டுக்கு வந்து ஏமாந்துதான் நிற்கிறோம். உன் பெரியப்பா வெள்ளகோவில் சந்தையில் வாங்கிவந்த கருப்பு எருமை ஞாபகம் இருக்கிறதா? சந்தையில் பசு மாதிரி நின்றது, வீட்டுக்கு வந்து அவரையே முட்டி வேலிக்கு அந்தப் பக்கம் போட்டது. அவர் அங்கே முள்ளுக்குள் கிடந்துகொண்டு, “ஒசத்தியான எருமைடா, என்ன ஒரு வலு பாரு” என்றார். கையால் தொட்டுப் பார்த்ததே அப்படி. போனில் பார்த்து ஒரு பெண் என்ன கண்டுவிடப்போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

ஆனாலும் வீட்டுக்கு ஒருத்தர் வருகிறார் என்றால் வீட்டை அப்படியே போட்டுவைக்க முடியுமா? பாப்பாத்தியும் நானும் முதல் நாளே ஆரம்பித்துவிட்டோம். பக்கத்து வீட்டுக்காரி என்று பேர்தான், அவள் எங்கள் வீட்டில்தான் பாதி நாள் இருக்கிறாள் என்று உனக்கே தெரியும். ஒட்டடை அடித்தோம், சிமெண்ட்டுத் தரையைத் தேய்த்துக் கழுவினோம். கட்டிலுக்குப் பக்கத்து ஜன்னல் கம்பியில் அம்மா பிடித்து எழுந்திருக்க ஒரு கயிறு கட்டியிருந்தேன். மாட்டுக் கயிறு, முடிச்சு முடிச்சாக அழுக்கேறித் தொங்கும். வருகிறவள் பார்த்தால் என்ன நினைப்பாள் என்று அதை அவிழ்த்து மேலே அட்டாலிப் பரணில் போட்டேன். அம்மா தள்ளிக்கொண்டே குளியலறைவரைக்கும் நடக்கிற கைப்பிடி உடைந்த பிளாஸ்டிக் நாற்காலியைக் கட்டுத்தரைக்கு அனுப்பினேன். கட்டிலடி வாளியையும் எடுத்துவிட்டோம். அம்மாவுக்கு மாம்பழக் கலர் சேலை கட்டி, பாப்பாத்தி தலைவாரி, பூவும் வைத்துவிட்டாள். “அக்கா, உன்னைப் பொண்ணு பாக்க வாராங்களாட்டம் இருக்குது போ” என்றாள். உன் அம்மா, “பாத்தா உடனே கையோட கூட்டீட்டுப் போயிரச் சொல்லு” என்றாள். அப்போது அது எனக்கு வேடிக்கையாகத்தான் பட்டது.

போன் அடித்தது. கீர்த்தனா என்று பேர், சின்ன வயது, கண்ணாடி போட்டிருந்தாள். “வணக்கங்க ஐயா, வணக்கங்கம்மா, நல்லா இருக்கீங்களா?” என்று நம் பேச்சிலேயே ஆரம்பித்தாள். உன் அம்மா கையைத் தூக்க முடியாமல் தலையை ஆட்டி, “வாங்க அம்மணி, உள்ள வாங்க” என்றாள். பாப்பாத்தி விழுந்து விழுந்து சிரித்தாள். “எங்கக்கா உள்ள வாரது? வாசப்படியில போனைக் காட்டி ஆலாத்தி எடுக்கட்டுமா?” உன் அம்மா அவளைக் கண்டுகொள்ளவே இல்லை. எந்த ஊர் என்று கேட்காமல் யாரையும் உட்காரவே விடமாட்டாளே.

“நமக்கு எந்த ஊருங்க அம்மணி?”

“சொந்த ஊரு ஆனைமலைங்கம்மா. இப்ப சென்னையில இருந்து பேசறேன்.”

“ஆனைமலையா! மாசாணியாத்தா கோயலுக்குப் பக்கமுங்களா?”

“கூப்புடு தூரந்தானுங்க.”

“எங்க எருமை களவு போனப்ப அங்க வந்துதானுங்க ஆத்தாகிட்ட மொறையிட்டு மொளகா அரைச்சோம்.”

“எருமை கெடைச்சுதுங்களாம்மா?”

“எருமை கெடைக்கலீங்க. களவாண்டவனுக்கு எட்டு நாளு வயித்தால போச்சுன்னு கேள்வி.”

இப்படியே பேச்சுப் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பெண்ணும் அவசரப்படவில்லை, பேச்சோடு பேச்சாக ஒவ்வொன்றாகக் கேட்டாள். குளிக்கிறது எப்படிங்கம்மா? சேலை உடுத்தறது? பாத்ரூம் போறது? எல்லாவற்றுக்கும் உன் அம்மா, “ஒண்ணும் சிரமமில்லீங்க, எல்லாம் நானே பண்ணிக்கறனுங்க” என்றாள். முதல்முதலாக வீட்டுக்கு வந்தவளிடம் எங்களுக்குக் கஷ்டம் என்று யாராவது சொல்வார்களா? நானும், “ஆமாங்க, ஆமாங்க” என்று பின்பாட்டுப் பாடினேன். குளியலறைக் கதவு எவ்வளவு அகலம் என்று கேட்டாள். சாண் போட்டு அளந்து, மூன்று சாணும் நாலு விரலும் என்றேன். “உங்க சாண் எவ்வளவு இருக்குமுங்க ஐயா?” என்று அவள் கேட்க, நான் கையை விரித்துப் போனுக்கு நேராகக் காட்ட, கடைசியில் பாப்பாத்தி ஓடிப்போய்த் துணி தைக்கிற டேப்பு எடுத்துவந்தாள்.

அப்புறம்தான் அந்தப் பெண், “அம்மா, கட்டில்ல இருந்து எந்திரிச்சுக் காட்டுங்க” என்றாள். கயிறுதான் அட்டாலியில் இருக்கிறதே. உன் அம்மா என்னைப் பார்த்தாள். நான் ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு, படத்தில் தெரியாதபடி இன்னொரு கையை அவள் முழங்கைக்கு அடியில் கொடுத்து மேலே தூக்கினேன். நன்றாகத்தான் எழுந்தாள்.

“ஐயா, உங்க எடது கை எங்கீங்க இருக்குது?”

“போனைப் புடிச்சிருக்கறனுங்க.”

“அது வலது கையிங்க. எடது கையைக் கொஞ்சம் மேல தூக்கிக் காட்டுங்க பாக்கலாம்.”

நான் கையை எடுத்தேன். உன் அம்மா பொத்தென்று கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். பாப்பாத்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்தப் பெண் சிரிக்கவில்லை. போனை ஜன்னல் பக்கம் திருப்பச் சொன்னாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். “எல்லாக் கம்பியும் துருப் புடிச்சிருக்குது, அந்த நடுக் கம்பி மட்டும் ஏனுங்க பளபளன்னு இருக்குது? அதுல என்னமோ இருந்திருக்குதுங்களே?” என்றாள். கண்ணு, சென்னையில் உட்கார்ந்துகொண்டு நம் வீட்டு ஜன்னல் கம்பியைக் கண்டுபிடித்துவிட்டாள். பாப்பாத்தி அடக்க மாட்டாமல், “கயிறு இருந்துதுங்க. மாமந்தான் அவுத்து அட்டாலியில போட்டுட்டாரு. நாக்காலி கட்டுத்தரையில இருக்குதுங்க” என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

“ஏனுங்க ஐயா எடுத்தீங்க?”

“நீங்க வாரீங்கன்னுதானுங்க.”

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள். “ஐயா, எனக்காக மெனக்கெட்டிருக்கீங்க, சந்தோசமுங்க. ஆனா அம்மா இந்த ஊட்டுக்குள்ள தெனமும் எப்படி வளைய வாராங்கன்னுதான் நான் பாக்க வந்தது. அவங்க புடிச்சு நடக்கறதையெல்லாம் நீங்க ஒளிச்சு வெச்சுப்போட்டா, நான் என்னத்தைங்க பாக்கறது?” என்றாள். எனக்கு வந்த வெட்கத்தை எங்கே கொண்டுபோய் வைக்க? கயிறு வந்தது, நாற்காலி வந்தது, வாளியும் வந்தது. பிறகு போனை அரிசி டின்மேல் சாய்த்துவைத்துவிட்டு, ஐயாவும் அக்காவும் கொஞ்சம் வெளியே இருங்கள், நான் கூப்பிடும்வரைக்கும் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

சொந்த வீட்டுக்கு வெளியே, போனுக்குள் இருக்கிற ஒரு பெண் நிற்கச் சொல்லி நான் நின்றுகொண்டிருந்தேன். உள்ளே நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது. தண்ணீர் விழுகிற சத்தம். பிறகு படாரென்று ஏதோ விழுந்தது. நான் ஓடினேன். வாசலில் கால் வைப்பதற்குள் போனிலிருந்து, “ஐயா, வராதீங்க! அம்மா உழுகலீங்க, தண்ணி மோக்கற போசிதான் உழுந்துது” என்று குரல் வந்தது. கூடவே உன் அம்மாவும், “போங்க அக்கட்டால!” என்று ஒரு அதட்டல். அவள் என்னை அப்படி அதட்டிக் கேட்டு எவ்வளவு காலம் ஆயிற்று. அதற்கப்புறம் ரொம்ப நேரம் இரண்டு பேரும் தணிந்த குரலில் பேசினார்கள். நடுவில் அம்மா அழுதமாதிரியும் இருந்தது, சிரித்தமாதிரியும் இருந்தது. சுவருக்கு வெளியே நின்றால் இரண்டும் ஒன்று போலத்தான் கேட்கிறது.

கூப்பிட்டார்கள், போனேன். உன் அம்மா இடது கையால் டீ போட்டுவைத்திருந்தாள். பாதி டம்ளரில், பாதி மேடையில். சர்க்கரை பாயாசம் மாதிரி இருந்தது. அந்தப் பெண், சுவரில் இங்கே ஒரு கைப்பிடி, அங்கே ஒரு கைப்பிடி, கக்கூஸுக்கு உயரமான சீட்டு, படியை எடுத்துவிட்டுச் சாய்வாக ஒரு தளம், உட்கார்ந்து குளிக்க ஒரு ஸ்டூலும் கையில் பிடிக்கிற ஷவரும் என்று சொன்னாள். இவ்வளவும் செய்தால் அம்மா இந்த வீட்டிலேயே நன்றாக இருக்கலாம் என்றாள். கண்ணு, எனக்குப் பரீட்சையில் நானே பாஸ் ஆனமாதிரி இருந்தது. இனி கோயமுத்தூர்ப் பேச்சே இல்லை என்று நினைத்துக்கொண்டேன். போனை வைக்கும்போது அவள், “அம்மா உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும்னாங்க, கேட்டுக்குங்க ஐயா” என்றாள். உன் அம்மா தலையைக் குனிந்துகொண்டு, “பொறவு சொல்றனுங்க” என்றாள்.

பொழுதோடு, விளக்கு வைத்துச் சோறு தின்னும்போது சொன்னாள். இதை உனக்குச் சொல்லலாமா கூடாதா என்றுகூடத் தெரியவில்லை. பெற்ற மகன், நீயும் குடும்பஸ்தன், சொல்கிறேன்.

“எனக்குக் குளிக்கத் தண்ணி வாத்து உட ஒரு பொம்பளை வேணுமுங்க” என்றாள்.

“நாந்தான் வாத்து உடறனே?”

“உடறீங்க. எருமைக்கு வாக்கறாப்பல.”

“மூஞ்சியில ஊத்தாதீங்கன்னு சொன்ன, அதுக்குப் பொறவு முதுகுல இருந்துதான ஊத்தறேன்?”

“அது இல்லீங்க. எனக்குக் கூச்சமா இருக்குது.”

“என்றகிட்டயா?”

“உங்ககிட்டத்தான்.”

“ஊரு பேரு தெரியாத நர்சுகிட்ட மட்டும் கூச்சம் இருக்காதா?”

“அவளுக்கு அது சோலி. முடிச்சுப்போட்டு அக்கட்டாலப் போயிருவா. நீங்க பொழுதோட என்ற முன்னால உக்காந்து சோறு திங்கறீங்க.”

நான் தட்டைத் தள்ளிவைத்துவிட்டேன். அம்மா படுத்த நாளிலிருந்து அவளை நான் எப்படிப் பார்த்துக்கொள்கிறேன் என்று ஊரே சொல்கிறது. அப்படி ஊர் சொல்வது எனக்கும் நன்றாகத்தான் இருந்தது. இவள் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், சுகமாக இருக்கிறதாக்கும் என்று நான் இன்னும் ஒரு சொம்பு ஊற்றுவேன். சரி, பாப்பாத்தியைக் கேட்கலாமா என்றேன். “அவ நல்லவதான். வாய்தான் ஊர்ச்சாவடி. என்ற ஒடம்புல எங்க மச்சம் இருக்குதுன்னு கோயல் நோம்பிக்கு வார சனத்துக்கெல்லாம் தெரிஞ்சுபோகும்” என்றாள். பிறகு தண்ணீர் குடித்துவிட்டு, “நான் கோயமுத்தூருக்கே போறனுங்க. அங்க பொம்பளைங்க இருக்கறாங்கன்னு மகன் சொன்னான்” என்றாள். அவ்வளவுதான் பேச்சு. என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நானும் கேட்கவில்லை.

அடுத்த நாள் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, “நீங்கதானுங்க அம்மணி இங்கயே இருக்கலாம்னு சொன்னீங்க, இப்ப இப்படிப் பண்ணிப்போட்டீங்களே” என்று கேட்டேன், கொஞ்சம் கோபமாகத்தான். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. “அம்மாவால என்ன முடியும், அதுக்கு என்ன வேணும், இதை நான் சொல்லலாமுங்க ஐயா. எங்க இருக்கறதுன்னு அவங்கதான் சொல்லோணும். இத்தனை நாளா அவங்களை அதை யாருமே கேக்கலீங்க” என்றாள். “அப்ப நானு?” என்றேன். “நீங்க அம்மாவைக் கேட்டீங்களா?” என்றாள். எருமை கத்துகிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். எருமை கத்தவில்லை.

இதில் இன்னொரு கூத்து. நீ அனுப்பிய ஆட்கள் வந்து கைப்பிடி, தளம், சீட்டு, ஷவர் எல்லாம் பொருத்திவிட்டார்கள். அம்மா இப்போது கதவைச் சாத்திக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்து தன்னால் ஆனமட்டும் குளித்துக்கொள்கிறாள். வலது பக்கத்துக்கும் தலைக்கும்தான் ஆள் வேண்டியிருக்கிறது, அதற்குத்தான் கோயமுத்தூர். அவள் குளிக்கிற நேரம் நான் இங்கே கட்டுத்தரைக்கு வந்துவிடுகிறேன். எருமைகளுக்கு இப்போதெல்லாம் மெதுவாக ஊற்றுகிறேன். வீடு அவளுக்கு வாகாக ஆகிவிட்டது, அவள் கிளம்புகிறாள். அவளைப் பிடித்துத் தூக்கிய கைக்கு வேலை இல்லை. அவள்மேல் கோபமா என்றால் இல்லை. வருத்தமா என்றால், இருக்கிறது, ஆனால் பாரம் இறங்கினமாதிரியும் இருக்கிறது. முதுகு வலி குறைந்திருக்கிறது, அதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஊரில் டீக்கடைக்குப் போனால், “மகன் முதியோர் இல்லத்துல கொண்டுபோய் உடறானாமா?” என்கிறார்கள். இல்லை, அவளாகத்தான் போகிறாள் என்றால் இன்னும் ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள். பாப்பாத்தி நேற்று, “ஏனுங்க மாமா, இந்த வயசுல பொண்டாட்டி ஊட்டை உட்டு ஓடறாளாமா?” என்று சிரித்தாள். சிரித்துவிட்டு அவளே மூக்கைத் துடைத்துக்கொண்டு போனாள்.

உனக்குப் புத்தி சொல்கிற நிலைமையில் நான் இல்லை. இருந்தாலும் அப்பன் என்று ஒருவன் கடிதம் போட்டால் ஏதாவது சொல்லத்தானே வேண்டும். மருமகளுக்கு நல்லது என்று நினைத்து நீ எதையாவது தினமும் செய்துகொண்டிருந்தால், அது அவளுக்கு நல்லதாக இருக்கிறதா என்று ஒரு தரம் கேட்டுவிடு. டீ போட்டுக் கொடுக்கிறதானாலும் சரி. சும்மா இருக்கிறாள், அதனால் பிடித்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளாதே. உன் அம்மா அத்தனை நாளும் சும்மாதான் இருந்தாள். இதைச் சொல்கிறவன் கேட்டுவிட்டானா என்று நீ நினைப்பாய். கேட்கவில்லை கண்ணு. காலையிலிருந்து கேட்டுவிடலாம் என்று உள்ளே போகிறேன், அவள் பாப்பாத்தியை வைத்துப் பெட்டி அடுக்குகிறாள், தண்ணீர் குடித்துவிட்டு வெளியே வந்துவிடுகிறேன். வரட்டுமா என்று கேட்டு, எதற்குங்க என்று அவள் சொல்லிவிட்டால் அதற்கப்புறம் இந்த வீட்டில் நான் எந்தப் பக்கம் பார்த்து உட்காருவேன்? வா என்று சொல்லிவிட்டாலோ, இங்கே இதுகளை விட்டுவிட்டு எப்படிப் போவேன்?

கார் வந்ததும் நீ போன் போடுவாய் அல்லவா, அப்போது பேச்சோடு பேச்சாக, அப்பாவும் வருகிறாரா என்று அம்மாவிடம் நீ ஒரு வார்த்தை... வேண்டாம், நீ கேட்காதே. நீ கேட்டால் உனக்காகச் சரி என்பாள். நானே கேட்கிறேன். இதோ எழுந்திரிக்கிறேன். அதற்குள் அவளே கூப்பிடுகிறாள். “ஏனுங்க! எருமைகிட்ட உக்காந்து அப்படி என்னத்தைப் பேசறீங்க? உங்க வேட்டி துணியெல்லாம் இந்தப் பொட்டிக்குள்ள கொள்ளாதாட்டம் இருக்குது, வேற பை எடுங்க வந்து!” வாரேன் வாரேன் என்று சொல்லிவிட்டேன். கண்ணு, அப்படியானால் இந்த எருமைகளை இன்று பொழுதோடு யார் பிடித்துக் கட்டுவது?